கோயில் சுவரிலிருந்து கூடத்துச் சுவருக்கு: தஞ்சை வீடுகளில் படம் மாட்டும் முறை வளர்ந்த விதம்

காவிரிக் கரை ஊர்களில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் கூடத்தில், ஆள் உயரத்துக்கு மேலே உத்தரத்தை ஒட்டி வரிசையாகப் படங்கள் தொங்கும். சட்டத்தின் அடிப்பகுதி இரண்டு ஆணிகளில் உட்கார்ந்திருக்கும். மேல்பகுதியைக் கயிறோ சங்கிலியோ பிடித்திருக்க, படம் முன்னால் சாய்ந்து கீழே பார்க்கும். இதை மேல்நாட்டு வரவேற்பறையின் நகல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. தரையில் உட்கார்ந்து கும்பிடும் வழக்கமும் எண்ணெய் விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து வகுத்த ஒழுங்கு இது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தஞ்சையில் ஓவியம் நெடுங்காலம் சுவரிலேயே இருந்தது. பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில், நாயக்கர் கால வண்ணப்பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தச் சுவர் நகராது. பார்ப்பவர்தான் அதனிடம் போக வேண்டும். மராட்டியர் ஆட்சியில் பலகைப் படம் பரவியபோது இந்த உறவு தலைகீழானது. பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியையும் பசையையும் குழைத்து மக்கு வேலை செய்து, தங்க ரேக்கும் கெம்புக் கல்லும் பதித்த படத்தைத் தூக்கிச் செல்ல முடிந்தது. சாமி வீட்டுக்கு வந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் தங்கிய இடம் பஜனை மடம். கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர அய்யாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகிய மூவரும் டெல்டாவில் வாழ்ந்தவர்கள். நாமசங்கீர்த்தனம் இவர்களால் இங்கே வேரூன்றியது. பஜனைக்கு மூலவர் வேண்டியதில்லை, பெரிய ராமர் பட்டாபிஷேகப் படம் போதும். நடுவில் குத்துவிளக்கு, சுற்றிலும் தரையில் பாடுகிறவர்கள். மக்கு வேலையின் மேடுகளில் சுடர் பட்டால்தான் அந்தப் படத்துக்கு உயிர் வரும். பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தஞ்சாவூர்ப் படம் ‘தட்டையாக இருக்கிறது’ என்று குறை சொன்னவர்கள் விளக்கை மறந்துவிட்டார்கள். நடுவில் பெரிய படம், இரண்டு பக்கமும் சிறியவை, எல்லாம் உட்கார்ந்திருப்பவரை நோக்கிச் சாய்ந்தவை என்ற கூடத்து முறைக்கு முன்மாதிரி இந்த மடம்தான் என்று கருதுகிறேன்.

மேல்நாட்டு நகல் என்ற பேச்சுக்கு வருவோம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) மேல்நாட்டு அச்சுப் படங்களையும் சேர்த்தார். மனித முகத்தை விலங்கு முகத்தோடு ஒப்பிடும் சார்ல் லெ பிரனின் படங்களைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் பார்க்கலாம். லெ பிரன் தலைமைப் பொறுப்பிலிருந்த பாரிஸ் ஓவியக் கழகம் 1667இல் தொடங்கிய கண்காட்சிகள், பிற்காலத்தில் சுவர் முழுக்கப் படங்களை நெருக்கி மாட்டுவதற்குப் பேர்போனவை. அங்கே ஓவியர்களுக்குள் இடப் போட்டி. நல்ல உயரத்தில் இடம் கிடைப்பதே கௌரவம். தஞ்சைக் கூடத்தில் ஓவியரின் பெயரே இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் தர்க்கம் வேறு.

1855இல் மராட்டிய அரச மரபு முடிவுக்கு வந்ததும் ஓவியர்கள் மிராசுதார்களையும் நகரத்தாரையும் நம்ப வேண்டியதாயிற்று. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் வந்த பிறகு பலகைப் படம் வாங்க முடியாதவர் வீட்டுக்கும் லட்சுமியும் சரசுவதியும் வந்தார்கள். அச்சுப் படத்தை மக்கள் அப்படியே விட்டுவிடவில்லை என்பதுதான் ருசிகரம். சேலைப் பகுதியில் ஜரிகைத் துணியை வெட்டி ஒட்டினார்கள்; நகைகள் மேல் மணிகளும் சமிக்கிகளும் வைத்துத் தைத்தார்கள்; அதன்மேல் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தார்கள். தஞ்சாவூர்ப் படத்தின் மேட்டையும் மினுக்கையும் காகிதத்திடமும் கேட்டிருக்கிறார்கள்.

புகைப்படம் வந்ததும்தான் சுவரில் உண்மையான சிக்கல். தாத்தாவையும் சாமியையும் ஒரே வரிசையில் வைக்கலாமா? இறந்தவர் படத்தைத் தெற்குச் சுவரில் வடக்குப் பார்க்க மாட்டுவது, சாமியைக் கிழக்கோ மேற்கோ பார்க்க வைப்பது என்று பல வீடுகள் ஒரு பிரிவினையைச் செய்துகொண்டன. உயிரோடிருப்பவர்களின் கல்யாணப் படம் ரேழிப் பக்கம் போனது. பிறகு கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வகை ஓவியங்களைச் சிவகாசி காலண்டர்கள் ஆண்டுதோறும் இலவசமாகக் கொண்டுவந்து சேர்த்தன. தேதி முடிந்தாலும் சாமியைக் கிழித்தெறிய மனம் வராது. அதற்கும் ஒரு சட்டம், ஓர் ஆணி. கூடத்துச் சுவர் நெருக்கமானதில் இதற்குப் பங்கு அதிகம். (சாய்ந்த படங்களின் முதுகில் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளையும் இந்த வரலாற்றில் சேர்க்கத்தான் வேண்டும்.)

தஞ்சாவூர் ஓவியத்துக்கு இந்த நூற்றாண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பலாப் பலகையின் இடத்தில் இன்று பெரும்பாலும் பிளைவுட். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சோபாவுக்கு மேலுள்ள இடத்தை அளந்து அங்குலக் கணக்கில் படம் கேட்கிறார்கள். நாற்காலியில் உட்காருபவருக்குக் கீழே பார்க்கும் படம் தேவைப்படாததால் சாய்வு போய்விட்டது. படம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் மேலேயிருந்து சிறு மின்விளக்கு ஒன்றைப் படத்தின் மேல் விழும்படி பொருத்துகிறார்கள். மக்கு மேடுகளுக்கு ஒரு பக்கமிருந்து ஒளி வேண்டும் என்பது அலங்கார நிபுணர்களுக்குத் தனியாகப் புரிந்திருக்கிறது. பூஜை அறைப் படத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு தேவைப்படுவதில்லை. அங்கே விளக்கு இன்னும் கீழேதான் எரிகிறது.