'மனமே' நாடகமும் எங்க தாத்தாவின் நோட்டும்



மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் குடுப்பா" என்று கேட்டபோது, கான்கிரீட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனசில் பல வருஷமாகக் கிடக்கும் ஒரு விஷயத்தை நம்ம ஆட்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எனக்குச் சொந்த ஊர் வேம்பார். கருப்பட்டிக்குப் பேர் போன ஊர். முத்துக்குளித்துறையின் ஏழு கடல்துறைகளில் ஒன்று. எங்க தாத்தா திருவிழாக்களில் புனிதர் நாடகம் பழக்கிய அண்ணாவியார். விடிய விடியப் பாட்டும் ஆட்டமுமாக நடக்கும். நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, ஹாஸ்டல் பசங்க ஆறு பேர் சேர்ந்து அதில் அரைமணி நேரத்தைக் கல்லூரி விழாவில் போட்டோம். தாத்தாவே வந்து பழக்கினார்.

வெளியிலிருந்து நடுவராக வந்த ஒருவர் மைக்கைப் பிடித்து, "இதெல்லாம் கோயில் திருவிழாவோட நிக்கட்டும் தம்பிகளா, காலேஜ் மேடைக்கு எதுக்கு?" என்றார். ஹாலே சிரித்தது. கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். மூன்றாவது வரிசையில் தாத்தா, மடியில் மஞ்சப் பை, அதற்குள் பாட்டு நோட்டு.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏலே, கடைசி வரிசை வரைக்கும் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தாத்தா."

அதற்குப் பிறகு அவரை நான் பாடச் சொல்லவும் இல்லை, அவராகப் பாடவும் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்

படிப்பு முடிந்து சில வருஷம் கழித்து கொழும்பில் ஒரு கட்டுமான வேலைக்குப் போனேன். கூட வேலை பார்த்த சிங்கள நண்பர் ஒரு நாள் மாலை நாடகம் பார்க்க அழைத்தார். பெயர் 'மனமே'. பாஷை புரியவில்லை. ஆனால் மத்தளம் தொடங்கி, கதை சொல்பவர் முன்னால் வந்து பாடியதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்க ஊர் மேடையில் கேட்ட அதே போக்கு!

அப்புறம்தான் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இலங்கையின் மேற்குக் கரை மீனவர்களிடையே வளர்ந்தது 'நாடகம' என்ற கூத்து. பெயரே நம் 'நாடகம்' என்ற சொல்தான். அதன் பாட்டு வகை ஒன்றுக்கு இன்றும் 'இன்னிசை' என்றே பெயர். தமிழ்க் கத்தோலிக்க நாடகங்களிலிருந்து அது பிறந்தது என்பது ஆய்வாளர்கள் முடிவு. வேம்பார் கரையிலிருந்து நேர் கிழக்கே தோணி விட்டால் மன்னார். தோணியோடு பாட்டும் போயிருப்பதில் அதிசயம் என்ன?

பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர முதலில் மேல்நாட்டு நாடகங்களைத் தழுவித்தான் மேடையேற்றினார். 1955இல் ஜப்பான் போய் நோ, கபுகி நாடகங்களைப் பார்த்தவர், நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறதே என்று நாடகம பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். அம்பலாங்கொடைப் பகுதியின் பழைய ஆசான் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை அழைத்துவந்து பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்கினார். பழைய மனமே நாடகமவைச் சுருக்கி, புதிதாக எழுதி, 1956 நவம்பர் 3 அன்று கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேற்றினார்.

முதலில் கூட்டம் அவ்வளவாக இல்லை. பிறகு ரெஜி சிறிவர்தன போன்ற விமர்சகர்கள் மனந்திறந்து பாராட்டி எழுதினார்கள். அரங்கு நிறைந்தது. சிங்கள நாடகத்துக்குச் சொந்தமான ஒரு மேடைமொழி கிடைத்துவிட்டது என்று கொண்டாடினார்கள். அதே ஆண்டின் நடுவில்தான் அங்கே தனிச் சிங்களச் சட்டம் வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மொழியால் நாடு பிரிந்துகொண்டிருந்த நேரத்தில், தமிழ்க் கரையிலிருந்து போன கூத்து சிங்களவரின் பெருமையாக நின்றது!

தமிழரின் முறை

'மனமே'யின் வெற்றி பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தனையும் தூண்டியது. மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்து 1962இல் 'கர்ணன் போர்', பிறகு சி. மௌனகுரு எழுதி நடித்த 'இராவணேசன்' என்று அரங்கேற்றினார். 'என்றிக் எம்பரதோர்', 'மூவிராசர்' முதலிய கத்தோலிக்க நாடக ஏடுகளை அச்சேற்றினார். படிக்காதவர் கலை என்று ஒதுக்கப்பட்ட கூத்துக்குப் பல்கலைக்கழகத்தில் மரியாதை கிடைத்தது.

ஆனால் கேள்விகளும் எழுந்தன. வடிவம் சரி, எத்தனை நாளைக்குப் புராணக் கதையே என்றார்கள். மௌனகுருவே 1969இல் கூத்து வடிவில் 'சங்காரம்' போட்டுச் சாதிக் கொடுமையைப் பேசினார். 2000த்துக்குப் பிறகு சி. ஜெயசங்கர் வேறொரு கேள்வி கேட்டார்: வட்டக்களரியில் ஊரே சேர்ந்து ஆடியதை நகரத்து மேடைக்காக வெட்டிச் சுருக்கினால், அது யாருடைய கூத்து? கூத்து அதை ஆடும் ஊருக்குள்ளேயே, ஊராரின் கையாலேயே மாறட்டும் என்று மட்டக்களப்புச் சீலாமுனையில் செய்தும் காட்டினார்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு விமர்சனம் கூத்தை வாழவும் வைக்கும், வாயடைக்கவும் செய்யும். கொழும்பில் பத்திரிகை பாராட்டியது, கூத்து பிழைத்தது. நம் ஹாலில் ஒரு வரி, ஒரு சிரிப்பு, அதோடு சரி. நடுவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சரச்சந்திர ஆசானைத் தேடிப் போய் அழைத்துவந்தார். எனக்கு ஆசான் வீட்டுக்குள்ளேயே இருந்தார், நான் சிரித்தேன்.

தாத்தா இப்போது இல்லை. நோட்டு இருக்கிறது. ஓரம் செல்லரித்திருந்தாலும் எழுத்து தெரிகிறது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் மெட்டு நோட்டில் இல்லை; ஊரில் இரண்டு பெரியவர்கள் தொண்டையில் இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பதிவு செய்கிறேன்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பில் அரைமணி நேரம் மேடை கொடுங்கள். பழைய ஆறு பேரில் நாலு பேர் வரச் சம்மதித்துவிட்டார்கள் (தொப்பைக்கு ஏற்ற கிரீடமும் உடையும்தான் பாக்கி!). மாணவத் தம்பி தங்கைகள் இரண்டு பேர் சேர்ந்தால் குழு நிறைந்துவிடும். நன்றாக இல்லையென்றால் தாராளமாகச் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். யாராவது ஒருவர் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சத்தம் கேட்டதா என்று எனக்குச் சொல்லவேண்டும்.