ஊர்த் தேவாலயப் போர் நினைவுச்சின்னமும் அதன் மொழியும்

இங்கிலாந்தின் சிற்றூர்களில், தேவாலயத்தைச் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்திலோ அதன் வாயிலையொட்டியோ ஒரு கற்சிலுவை நிற்பதைப் பரவலாகக் காணலாம். முதல் உலகப் போரில் (1914-1918) மாண்ட அவ்வூராரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றைச் சிற்பங்களாகவும் கட்டடக்கலைப் படைப்புகளாகவும் நோக்குவதே வழக்கம். ஆயின் இவை முதற்கண் எழுத்தாவணங்கள் ஆகும்.

போர்க்களத்தில் இறந்தோர் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதற்கு 1915ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அந்நிலை மாறவில்லை. எனவே ஊரில் கல்லறை இல்லாதவர்க்குக் கல்லில் பெயர் ஒன்றே எஞ்சியது. ஊரார் தாமே பொருள் திரட்டி இச்சின்னங்களை எழுப்பியமைக்கு இது தலையாய காரணம் எனலாம்.

கிழக்கு சசெக்ஸ் பகுதியிலுள்ள பர்வாஷ் என்னும் ஊரின் சின்னம் இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. புனித பார்த்தலோமேயு தேவாலயத்தை அடுத்து நிற்கும் அதன் உச்சியில் ஒரு விளக்கு உண்டு. பட்டியலிலுள்ள ஒவ்வொருவரும் இறந்த நாளில் அவ்விளக்கை ஏற்றுவது ஊர் மரபு. பெயர்களுள் ஒன்று ஜான் கிப்ளிங். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகனான அவர், 1915 செப்டம்பர் 27 அன்று பிரான்சின் லூஸ் போரில் காணாமற்போனார். அப்போது அவருக்கு வயது 18.

தந்தை 1902 முதல் இவ்வூரில் வாழ்ந்தவர். 1917இல் தோன்றிய பேரரசுப் போர்க்கல்லறை ஆணையத்தின் நினைவுத் தொடர்கள் இவர் தேர்ந்தவை. பெயர் என்றென்றும் வாழும் என்னும் கருத்துடைய தொடரை இவர் சீராக்கின் ஞானநூலிலிருந்து (44:14) எடுத்தார். பல ஊர்ச் சின்னங்களும் இதனையே மேற்கொண்டன. அடையாளம் தெரியாதோர் கல்லறைக்கு, அவரை இறைவன் அறிவான் என்னும் கருத்தில் அமைந்த தொடரும் இவர் தந்ததே.

முதல் தொடரைத் தமிழாக்குவோர்க்குச் சில இடர்கள் உண்டு. சீர்திருத்தச் சபையாரிடையே வழங்கும் பழைய தமிழ் விவிலியத்தில் இந்நூல் இல்லை. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் உள்ளது. மூல வசனத்தின் முற்பாதி உடல்கள் அமைதியில் புதைக்கப்பட்டதைக் கூறுவது; கல்லில் அது இடம்பெறவில்லை. எரியூட்டப்பட்ட வீரர்க்கும் உடலே கிடைக்காதவர்க்கும் அப்பாதி எவ்வாறு பொருந்தும்? மேலும், பன்மையான மாந்தர்க்கு ஆங்கிலத்தில் பெயர் என்பது ஒருமையில் நிற்கிறது. கீழே நீளும் பெயர்ப் பட்டியலோடு இவ்வொருமை முரணுவதுபோல் தோன்றினும், புகழ் என்னும் பொருள் அதனுள் அடங்கும். தமிழில் 'பெயர்' என்றால் பட்டியலும், 'புகழ்' என்றால் தொடரும் காப்பாற்றப்படும். இரண்டையும் ஒரு சொல்லால் காப்பது அரிது.

போரில் இறந்தமையை ஆங்கிலக் கல்வெட்டுகள் வீழ்தல் என்னும் வினையாற் குறிப்பதும் பெருவழக்கு. 'வீழ்ந்தார்' என நேராகப் பெயர்ப்பின் தமிழில் தோல்விப் பொருளும் கலந்துவிடுகிறது. செங்கம் முதலிய இடங்களின் நடுகற்கள் இந்நிலையில் 'பட்டான்' என்று கூறும். அச்சுருக்கமான வினை இன்று அருகிவிட்டது ஓர் இழப்பே.

நூற்றாண்டு நினைவையொட்டி 2014 முதல் 2,500 போர்ச் சின்னங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் பணியை இங்கிலாந்தின் மரபுரிமை அமைப்பு மேற்கொண்டது. பட்டியலிற் சேர்ந்த பின்னரும் எழுத்துக்குத் தீங்கு நேரலாம். கல்லைத் தேய்த்துத் தூய்மை செய்வதால் வரிவடிவம் மழுங்கும். மங்கிய எழுத்தை மீள வெட்டுங்கால், பழைய எழுத்துப்பிழையும் பின்னர்ச் சேர்த்த பெயரின் மாறுபட்ட வரிவடிவும் திருத்தப்பட்டு மறையக்கூடும். மொழியாய்வாளர்க்கு அவையே சான்றுகள்.

கிப்ளிங் 1936இல் மறைந்தார். 1992இல் ஆணையம், பிரான்சில் பெயரின்றி இருந்த ஓர் அதிகாரியின் கல்லறையை அவர் மகனுடையது என அறிவித்தது. அம்முடிவு பின்னர் விவாதத்திற்கும் உள்ளாயிற்று. அதுவரை அக்கல்லறை மீதிருந்தது தந்தை இயற்றிய, இறைவன் அறிவான் என்னும் அத்தொடர். பர்வாஷில் ஜானுக்குரிய விளக்கு நாள் செப்டம்பர் 27.