யார் முதலில் எழுவது?

லினக்ஸ் சர்வர் ஒன்றை ரீபூட் செய்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை பழக்கமானது. வட்டு இணைந்தது, நெட்வொர்க் வந்தது, டேட்டாபேஸ் எழுந்தது, வெப்சர்வர் தயார் என்று வரிகள் சரசரவென ஓடும். வட்டு இணையாமல் டேட்டாபேஸ் எழ முடியாது. டேட்டாபேஸுக்கு முன்பே வெப்சர்வர் எழுந்துவிட்டால் வருகிறவர்களுக்குப் பிழைச் செய்திதான் மிஞ்சும். இந்த முன்பின்னை யார் தீர்மானித்தார்கள் என்று தேடிப் போனால், முதலில் எதிர்ப்படுவது கணினியே அல்ல, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்.

1950-களின் இறுதியில், அந்தக் கப்பல்களிலிருந்து ஏவுவதற்கான போலாரிஸ் ஏவுகணைத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒன்று முடியாமல் இன்னொன்றைத் தொட முடியாத ஆயிரக்கணக்கான வேலைகள். அவற்றைக் கட்டி மேய்க்கப் பிறந்ததுதான் ‘பெர்ட்’ என்ற திட்டமிடல் முறை. வேலைகளை அம்புக்குறிகளால் இணைத்து வலைபோல் வரைவார்கள். அந்த வலையைக் கணினிக்குள் ஏற்றியபோது ஒரு சில்லறைத் தொல்லை முளைத்தது. எந்த வேலையும் தனக்கு முந்தைய வேலைக்கு முன்னால் வந்துவிடாதபடி எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதியாக வேண்டும். 1962-இல் ஆர்தர் கான் சில பக்கக் கட்டுரை ஒன்றில் அதற்கு வழி சொன்னார். எதற்கும் காத்திருக்காத வேலை ஒன்றை எடுத்து எழுது, வலையிலிருந்து நீக்கு. அதனால் விடுபட்டவற்றில் அடுத்ததை எடு. எடுக்க எதுவுமே இல்லாமல், வேலைகள் மட்டும் மீதம் நின்றால் எங்கோ வட்டம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். 30,000 வேலைகள் கொண்ட வலையை ஐபிஎம் 7090 கணினியில் ஒரு மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்திவிடலாம் என்று பெருமையோடு குறிப்பிட்டார். 1968-இல் டொனால்ட் நூத் தன் பெரும்நூலின் முதல் தொகுதியில் இந்த வரிசையாக்கத்தைச் சேர்த்ததும், ஏவுகணைக்காரர்களின் தந்திரம் கணினி மாணவர்களின் வீட்டுப்பாடமாயிற்று.

அடுத்த தாவல் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்துக்கு. 1970-களின் யூனிக்ஸில் நிரல் துண்டுகளைக் கோத்துத் தரும் லிங்கர் கொஞ்சம் சோம்பேறி. ஒரு நூலகக் கோப்பை மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறைதான் வாசிக்கும். கடந்து வந்த துண்டு பின்னால் தேவைப்பட்டாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே துண்டுகளை அடுக்கும்போதே, அழைக்கும் துண்டு முன்னும் அழைக்கப்படும் துண்டு பின்னும் வருமாறு அடுக்க வேண்டும். இதற்காக எழுதப்பட்ட குட்டி நிரல் ‘டிசார்ட்’. கானின் அதே வேலையை அது செய்தது. பிறகு நூலகக் கோப்புகளின் தலைப்பில் ஓர் அட்டவணை சேர்ந்தது. லிங்கருக்கு வரிசைக் கவலை தீர்ந்தது. டிசார்ட்டை மட்டும் யாரும் அப்புறப்படுத்தவில்லை. இன்றைய லினக்ஸ் கணினிகளிலும் அது இருக்கிறது, பெரும்பாலும் யாரும் கூப்பிடாமல்.

இன்னொரு கிளை எம்ஐடியில் தொடங்குகிறது. 1960-களின் முற்பகுதியில் அங்கே பணியாற்றிய பிரெஞ்சுப் பொறியாளர் லூயி பூசான், ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வதில் சலித்து, அவற்றை ஒரு கோப்பில் எழுதிவைத்து மொத்தமாக ஓட்டும் ‘ரன்காம்’ என்ற நிரலை எழுதினார். (பின்னாளில் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவராகக் கொண்டாடப்பட்டவர் இவர்தான்.) அந்த யோசனையை யூனிக்ஸ் சுவீகரித்து, கணினி எழும்போது ஓடும் கோப்புக்கு ‘ஆர்சி’ என்று பெயரிட்டது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் அதன் வேலை சொற்பம். வட்டுகளை இணை, தற்காலிகக் கோப்புகளைத் துடை, பின்னணியில் ஓட வேண்டிய ஓரிரு நிரல்களைக் கிளப்பு. எழுதிய வரிசையே எழும் வரிசை. ஒருவரே எழுதி ஒருவரே பராமரித்தவரை இதில் சண்டைக்கு இடமில்லை.

யூனிக்ஸ் விற்பனைச் சரக்கானதும் சண்டை வந்தது. டேட்டாபேஸ் ஒரு நிறுவனத்தினுடையது, அச்சு மென்பொருள் வேறொரு நிறுவனத்தினுடையது. இருவரும் ஒரே ஆர்சி கோப்பைத் திறந்து திருத்தினால் எந்த வரி யாருடையது என்றே தெரியாது. ஏடி அண்டு டியின் ‘சிஸ்டம் ஃபைவ்’ இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு சேவைக்கும் தனி ஸ்கிரிப்ட். அதன் பெயருக்கு முன்னால் ‘எஸ்’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும். எஸ்10 முதலில், எஸ்85 பின்னால். நிறுத்துவதற்கு ‘கே’ வரிசை. புதிய சேவையை நிறுவ ஒரு கோப்பைப் போட்டால் போதும், நீக்க அதை எடுத்தால் போதும். விற்பனையாளர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? 1990-களின் லினக்ஸ் விநியோகங்கள் பலவும் இதை அப்படியே நகலெடுத்தன. ரெட் ஹாட்டின் ‘செக்கான்ஃபிக்’ கருவி சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் ஐரிக்ஸிலிருந்து வந்த யோசனை என்பதை அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது.

ஆனால் எண் முடிவை மட்டும்தான் சொல்லும், காரணத்தை விழுங்கிவிடும். வெப்சர்வருக்கு ஏன் 85? எதற்குப் பின்னால் வர வேண்டும் என்பதால்? அது எழுதியவரின் தலைக்குள் இருந்தது, அவர் வேலை மாறியபோது கூடவே போய்விட்டது. டெபியன் விநியோகத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. தனியாக எண் கேட்காத சேவைக்கு 20 தரப்படும். பெரும்பாலோர் கேட்கவில்லை, ஏராளமான சேவைகள் 20-இல் வந்து குவிந்தன. எண் ஒன்றானால் பெயரின் அகரவரிசைதான் தீர்ப்பு. ‘ஏ’-யில் தொடங்கும் சேவை முந்திக்கொள்ளும், ‘எம்’-இல் தொடங்குவது பின்னால் வரும். முந்திய சேவைக்குப் பிந்தியது தேவைப்பட்டால், யாரும் தீர்மானிக்காத ஒரு வரிசை அதன் காலையை நிர்ணயித்தது. இத்தனைக்கும் காரணத்திலிருந்து வரிசையைக் கண்டுபிடிக்கும் டிசார்ட் அதே யூனிக்ஸ்களில் சும்மா கிடந்தது! அருகருகே கிடந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க இத்தனை காலம் ஆனது எனக்கு இன்றும் வியப்பு.

சேர்த்துப் பார்த்தது யூனிக்ஸ் வழிவந்த நெட்பிஎஸ்டி. 2000 டிசம்பரில் வெளியான அதன் 1.5 பதிப்பில் ஸ்கிரிப்டுகளுக்கு எண் இல்லை. நான் தருவது இது, எனக்குத் தேவை இது, இன்னாருக்கு முன் நான் எழ வேண்டும் என்று ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தன் தலையில் எழுதிவைத்தது. ‘ஆர்சிஆர்டர்’ என்ற நிரல் அதையெல்லாம் படித்து, கான் கையாண்ட அதே வகை வரிசையைக் கணக்கிட்டுத் தந்தது. உள்ளே வேலை எதுவும் இல்லாத வெற்று ஸ்கிரிப்டுகளும் உண்டு: ‘வட்டுகள்’, ‘நெட்வொர்க்’, ‘லாகின்’ போன்ற பெயர்களில், மற்றவர்கள் சுட்டிக்காட்ட மைல்கல்லாக மட்டும் நிற்பவை. இன்னொரு சாமர்த்தியம், இந்தத் தகவல் எல்லாம் ஷெல் கண்டுகொள்ளாத குறிப்பு வரிகளில் இருந்தது. புதிய முறை தெரியாத கணினியிலும் ஸ்கிரிப்ட் பழுதின்றி ஓடும். ஃப்ரீபிஎஸ்டி 2003-இல் தன் 5.0 பதிப்பில் இதை எடுத்துக்கொண்டது. லினக்ஸ் பக்கமும் குறிப்பு வரிகளுக்குள்ளேயே தேவைகளைச் சொல்லும் வழக்கம் வந்தது. சூசே முன்னே போக, டெபியன் 2011-இல் தன் ஆறாம் பதிப்பில் சார்புகளைப் பார்த்து வரிசையிடத் தொடங்கியது.

இதற்குள் கலிபோர்னியாவில் கேள்வியையே மாற்றிப் போட்டுவிட்டார்கள். 2005-இல் ஆப்பிளின் ‘டைகர்’ பதிப்போடு வந்த ‘லாஞ்ச்டி’, வரிசை எதற்கு என்று கேட்டது. ஒரு சேவைக்குக் காத்திருக்கிறோம் என்றால், உண்மையில் அதன் சாக்கெட்டுக்குத்தான், அதாவது அது செய்தி வாங்கும் வாசலுக்குத்தான், காத்திருக்கிறோம். சாக்கெட்டுகளை எல்லாம் முதலிலேயே திறந்து வைத்துவிட்டால் சேவைகள் தங்கள் சவுகரியம்போல் எழலாம். ரேஷன் கடை திறக்கும் முன்பே பையை வரிசையில் போட்டுவிட்டுப் போவதுபோல, செய்திகள் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் கிடங்கில் காத்திருக்கும். இதிலும் பழைய சாயல் உண்டு. பிறருக்காகத் தான் செவிசாய்த்துக்கொண்டிருந்து, அழைப்பு வந்தால் உரியவரை எழுப்பும் ‘ஐநெட்டி’ 1980-களிலேயே பெர்க்லி யூனிக்ஸில் இருந்தது.

லாஞ்ச்டியின் இந்த உத்தியை வெளிப்படையாகப் பாராட்டி எடுத்துக்கொண்டது 2010-இல் லெனார்ட் போட்டரிங்கும் காய் சீவர்ஸும் தொடங்கிய ‘சிஸ்டம்டி’. அதில் எனக்குப் பிடித்தது சாக்கெட் வித்தை அல்ல. ‘எனக்கு நீ வேண்டும்’ என்பதும் ‘உனக்குப் பின் நான்’ என்பதும் அங்கே இரண்டு தனித்தனி அறிவிப்புகள். வேண்டும் என்று மட்டும் சொன்னால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். புதிதாக வருபவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் இது, ஆனாலும் பிரிவு நியாயமானது. இரண்டுமே இருந்தால்தான் ஓடும் என்பதாலேயே ஒன்று முந்தி எழ வேண்டியதில்லை. இல்லாவிட்டாலும் குறையில்லாத ஒன்று, இருக்கும் நாளில் மட்டும் முந்தி எழுந்தாக வேண்டியிருக்கலாம். எண்களின் காலத்தில் இந்த வேறுபாட்டைச் சொல்ல வழியே இருக்கவில்லை.

சிஸ்டம்டி சுமுகமாகப் பரவவில்லை. 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சமமாகிவிட, தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கில்தான் அது ஜெயித்தது. ஏற்காதவர்கள் ‘டெவுவான்’ என்று தனிக்குடித்தனம் போனார்கள். வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களிலேயே உபுண்டுவும், 2006 முதல் தான் வளர்த்த ‘அப்ஸ்டார்ட்’டை விட்டு டெபியன் வழியில் வருவதாக அறிவித்தது.

இத்தனை சேவைகளும் எழும் முன்பே கெர்னல் தன் சாதனங்களை எழுப்பியாக வேண்டும். அங்கே வரிசை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரே கட்டத்தைச் சேர்ந்த டிரைவர்கள், லிங்கர் கோத்த வரிசையிலேயே எழுந்தன. மறுபடியும் லிங்கர்! ஸ்மார்ட்ஃபோன் சிப்புகளில் மின்சாரத்துக்கு ஒரு சாதனம், கடிகாரத் துடிப்புக்கு ஒன்று என்று பின்னல் பெருகியபோது இது தாங்கவில்லை. 2012-இல் வந்த தீர்வு வெட்கமில்லாத எளிமை. தனக்கு வேண்டியது இன்னும் வரவில்லை என்றால் டிரைவர் ‘பிறகு பார்க்கலாம்’ என்று திருப்பி அனுப்பிவிடும், வேறொரு சாதனம் எழுந்ததும் கெர்னல் மறுபடி வந்து கதவைத் தட்டும். 2021-வாக்கில்தான் கெர்னல் வன்பொருள் விவரப் பட்டியலைப் படித்து யாருக்கு யார் தேவை என்று முன்கூட்டியே கணிப்பது இயல்பான நடைமுறையானது. அந்தப் பட்டியல்களில் திரையும் அதற்குப் படம் அனுப்பும் சிப்பும் ஒன்றையொன்று சுட்டுவது சகஜம். கானின் முறை அங்கே கையை விரித்துவிடும். கெர்னல் அந்தச் சார்பைக் கொஞ்சம் தளர்த்தி, வட்டத்தைச் சரிசெய்துவிட்டதாகப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த சாதனத்துக்குப் போய்விடுகிறது.