சர்வதேச ஐஸ் ஹாக்கி புகழ் மண்டபம்

ஐஸ் ஹாக்கியில் பேர் வாங்கிய ஆட்டக்காரர்களையும் அந்த ஆட்டத்தை வளர்த்தவர்களையும் கௌரவிக்க, சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 1997இல் ஏற்படுத்திய அமைப்பு. 1908இல் பாரிஸில் தொடங்கப்பட்ட கூட்டமைப்புக்கு இன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் தலைமையகம் இருக்கிறது. புகழ் மண்டபத்துக்கெனத் தனிக் கட்டடம் கிடையாது. அதன் காட்சிப்பொருள்கள் 1998 முதல் கனடாவின் டொரன்டோ நகரிலுள்ள ஹாக்கி புகழ் மண்டபத்தில் இருக்கின்றன. ஈழத் தமிழர் பெருமளவில் குடியேறிய அந்த நகரின் மையத்தில், யங் தெருவும் ஃப்ரண்ட் தெருவும் சந்திக்கும் முனையில் அது நிற்கிறது.

தமிழ்நாட்டில் சேத்தூர், ராஜபாளையம் பக்கம் ஹாக்கி என்றாலே கோவில்பட்டிதான் நினைவுக்கு வரும். அங்கே ஆடுவது அணிக்குப் பதினொரு பேர் ஆடும் மைதான ஹாக்கி. ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர்தான் களத்தில் இருப்பார்கள். காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வில்லையை மட்டையால் அடித்து விரட்டுவார்கள். அந்த வில்லைக்குப் பக் என்று பெயர். 20 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும்.

ஐஸ் ஹாக்கிக்கு ஒரு புகழ் மண்டபம் வேண்டும் என்று முதலில் எண்ணியது டொரன்டோ அல்ல. ஒன்டாரியோ ஏரிக்கரையிலுள்ள கிங்ஸ்டன் என்ற சிறு நகரம். அவ்வூர்க்காரரான கேப்டன் ஜேம்ஸ் சதர்லேண்ட் முதல் உலகப்போர்க் காலத்தில் கனடா அமெச்சூர் ஹாக்கி சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஹாக்கி பிறந்தது தம் ஊரில்தான் என்று கடைசிவரை வாதாடினார். மான்ட்ரியல்காரர்கள் 1875இல் தங்கள் ஊரில் நடந்த உள்ளரங்க ஆட்டத்தைக் காட்டினார்கள். நோவா ஸ்கோஷியாவின் வின்ட்சர் நகரமும் உரிமை கொண்டாடியது. பிறந்த இடம் பற்றிய வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆனால் சதர்லேண்டின் முயற்சியால் 1943இல் கிங்ஸ்டனில் புகழ் மண்டபம் நிறுவப்பட்டது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

1945இல் முதல் பட்டியல் வெளியானது. அதிலுள்ளவர்களில் ஃபிராங்க் மக்கீயைத் தனியே சொல்ல வேண்டும். ஒரு கண் பார்வையை இழந்த பிறகும் ஆடியவர் அவர். 1905இல் டாசன் சிட்டி அணிக்கு எதிரான ஸ்டான்லி கோப்பை ஆட்டத்தில் தனியாளாக 14 கோல் போட்டார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் எட்டவில்லை. ஒற்றைக் கண்ணோடு ராணுவத்திலும் சேர்ந்து, 1916இல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் உயிர்நீத்தார். அவரைப் போன்றவர்களை மறக்கவிடாமல் வைத்ததே கிங்ஸ்டன் செய்த பெரிய காரியம்.

பெயர்கள் சேர்ந்தன, கட்டடம் எழவில்லை, பணம் திரளவில்லை. சதர்லேண்ட் 1955இல் காலமானார். 1958இல் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் தன் ஆதரவை விலக்கிக்கொண்டு டொரன்டோ பக்கம் சாய்ந்தது. அங்கே பொருட்காட்சித் திடலில் 1961 ஆகஸ்ட் 26 அன்று புதிய மண்டபத்தைப் பிரதமர் டீஃபன்பேக்கர் திறந்துவைத்தார். கிங்ஸ்டன் மனம் தளராமல் 1965இல் தன் காட்சியகத்தைத் திறந்தது. சர்வதேசக் கூட்டமைப்பின் காட்சிப்பொருள்களும் பிற்காலத்தில் அங்கேதான் முதலில் வைக்கப்பட்டன. கடைசியில் அவையும் டொரன்டோவுக்குப் போய்ச் சேர்ந்தன. யோசனை சொன்ன ஊர் இரண்டாம் முறையும் கைவிடப்பட்டது நியாயமில்லை.

டொரன்டோ மண்டபம் 1993இல் இப்போதைய இடத்துக்கு மாறியது. 1885இல் மான்ட்ரியல் வங்கிக்காகக் கட்டப்பட்ட, வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் கொண்ட கட்டடம் அது. கனடாவின் கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு 1892இல் பத்து கினி விலையில் கொடுத்த வெள்ளிக் கிண்ணம்தான் ஸ்டான்லி கோப்பை. அது நாளடைவில் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. வெற்றியாளர்களுக்கு மாற்றுக் கிண்ணம் செய்துவிட்டு, மூலக் கிண்ணத்தை வங்கியின் பழைய பெட்டக அறையில் பாதுகாக்கிறார்கள்.

தேசிய ஹாக்கி லீக்கில் ஆடாதவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் டொரன்டோ மண்டபத்தில் இடம் பிடிப்பது அரிதாகவே இருந்தது. அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாத சோவியத் கோல்கீப்பர் விளாடிஸ்லாவ் திரெத்யாக் 1989இல் சேர்க்கப்பட்டது விதிவிலக்கு. உலகச் சாம்பியன்ஷிப்பிலும் ஒலிம்பிக்கிலும் சாதித்தவர்களுக்குத் தனியே ஓர் அரங்கம் தேவைப்பட்டது இதனால்தான். சர்வதேச அமைப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. பெண்கள் விஷயத்திலும் அதுவே முந்திக்கொண்டது. ஏஞ்சலா ஜேம்ஸ், கேமி கிரனாட்டோ, ஜெரால்டின் ஹீனி ஆகிய மூவரை 2008இல் ஏற்றது. டொரன்டோ மண்டபம் பெண்களுக்கு வழிவிட்டது 2010இல்தான்.

பொதுவாகச் சர்வதேச மண்டபத்தின் சேர்ப்பு விழா டொரன்டோவில் நடப்பதில்லை. ஆண்டுதோறும் உலகச் சாம்பியன்ஷிப் நடக்கும் நாட்டில் நடத்துவது வழக்கம். ஆட்டத்துக்குத் தொண்டு செய்தவர்களுக்கு 1998 முதல் பால் லோயிக் விருது உண்டு. ஹாக்கியில் முன்னணியில் இல்லாத நாடுகளின் வீரர்களுக்கென 2015இல் டோரியானி விருது தொடங்கப்பட்டது. இத்தாலி, ஹங்கேரி, பிரிட்டன் வீரர்கள் அதைப் பெற்றிருக்கிறார்கள். பெரிய நாடுகளின் நிழலில் ஆயுள் முழுக்க ஆடியவர்களைத் தேடிப்பிடித்துக் கௌரவிக்கும் இந்த விருதே இந்த அமைப்பின் ஆகச் சிறந்த செயல்.

இந்தியா 1989இல் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆட்டம் பெரும்பாலும் லடாக்கில்தான். குளிர்காலத்தில் உறையும் குளங்களே பெரும்பாலும் ஆடுகளம். கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் 2018இல் லடாக் வந்து அங்குள்ள பெண்களுக்குப் பயிற்சி தந்தார். மறு ஆண்டே இரு மண்டபங்களிலும் சேர்க்கப்பட்டார். 2016இல் முதல் சர்வதேசப் போட்டியில் இறங்கிய இந்தியப் பெண்கள் அணி, 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று முதல் வெற்றி கண்டது. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.