யப்பானியச் சுரண்டற் சினிமாவிற் பெண்களும் சிறுபான்மையினரும்

சினிமா பற்றிய நமது விமர்சனங்கள் பெரும்பாலும் குரோசாவா, ஓசு போன்றோரின் கலைப்படைப்புக்களோடு நின்றுவிடுகின்றன. மலிவான வர்த்தகப் படங்கள் ஆய்வுக்கு அருகதையற்றவை எனத் தள்ளப்படுகின்றன. ஆயின் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லக் கூசுவனவற்றை இத்தகைய படங்களே உளறிவிடுகின்றன. ‘சுரண்டற் சினிமா’ என்பது பரபரப்பான பொருளைப் பணமாக்கும் படங்களுக்குத் திரைப்பட வணிகம் இட்ட பெயராகும். அச்சொல்லை அதன் முழுமையான பொருளிலேயே நாம் ஈண்டு கையாள்கிறோம்.

இப்படங்களின் தோற்றத்திற்குப் பொருளாதாரக் காரணங்கள் உள. 1958இல் யப்பானியத் திரையரங்குகளில் விற்பனையான அனுமதிச் சீட்டுக்கள் ஏறத்தாழ 112 கோடியாகும். தொலைக்காட்சி பரவியதன் விளைவாக 1972இல் இத்தொகை 20 கோடிக்குங் கீழே வீழ்ந்தது. 1971இல் டாயெய் கம்பனி முறிவடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் நிக்கட்சு கம்பனி பாலியற் படத் தயாரிப்பில் இறங்கியது. தோயெய் கம்பனியோ வன்முறையையும் பெண்ணின் நிர்வாணத்தையும் ஒருங்கிணைத்தது. பெண்ணுடல் முதலாளிகளின் நட்டத்தை ஈடுசெய்யும் பண்டமாயிற்று.

எனினும் பண்டம் சிலவேளை விற்பவனுக்கு எதிராகவும் பேசிவிடுகிறது. இதோ ஷுன்யா நெறிப்படுத்திய ‘பெண் கைதி 701: தேள்’ (1972) என்ற படத்தை நோக்குவோம். நாமி என்னும் பெண்ணை அவளது காதலனான பொலிஸ் அதிகாரி, போதைவஸ்துக் கும்பலிடம் தூண்டிலாக அனுப்பிக் கைவிடுகிறான். அவள் முன்னர் அவனுக்குத் தன்னை அளித்த கணத்தில், வெண்விரிப்பிற் பரவும் குருதி தேசியக் கொடியின் செவ்வட்டமாகத் தோன்றுகிறது. சிறை அதிகாரிகளின் பாராட்டு விழாவிலும் அதே கொடி உண்டு. ஆணாதிக்கமும் அரச யந்திரமும் ஒன்றே என்பதை இதனிலும் துலாம்பரமாகக் கூறுதல் அரிது. மூலச் சித்திரக்கதையிலே வசைமொழி பேசும் நாமியைப் பெரிதும் மௌனியாக்கியவர் நடிகை காஜி மெய்கோ ஆவார். அம்மௌனத்தின் வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவளது பழிவாங்கலைக் காண்பதற்கு முன்னர் அவளது அவமானத்தையும் பார்வையாளன் காசு கொடுத்துச் சுவைத்துவிடுகிறான்.

சிறுபான்மையினர் நிலை இதனினும் சிக்கலானது. ஹசேபே யசுஹருவின் ‘கட்டாக்காலிப் பூனை ரொக்: செக்ஸ் ஹன்டர்’ (1970) கலப்பின இளைஞரை வேட்டையாடும் கும்பலொன்றைச் சித்திரிக்கிறது. ‘பரன்’ எனப்படும் அதன் தலைவன் தன் சகோதரிக்கு நேர்ந்த கொடுமைக்காக அவ்வினத்தவர் யாவரையும் வெறுக்கிறான். ஆனால் அவன் ஏறித்திரிவது அமெரிக்க ஜீப். பணத்துக்காகப் பெண்களை விற்பதும் அந்நியருக்கே! இனவெறி வர்த்தகத்துக்குத் தடையாவதில்லை என்ற உண்மையை ஒரு மலிவுப் படம் இத்துணை கூர்மையாகக் காட்டியிருப்பது வியப்புக்குரியது.

ஆயின் இங்கு வேட்டையாடப்படுவோர் ஏன் கலப்பினத்தவராக இருக்கின்றனர்? அக்காலத்தில் யப்பானில் ஏறத்தாழ ஆறு இலட்சம் கொரியர் வாழ்ந்தனர். 1910 முதல் 1945 வரை நீடித்த குடியேற்ற ஆட்சியின் விளைவாக வந்து சேர்ந்த அவர்கள், 1952இல் யப்பானியக் குடியுரிமையையும் இழந்தனர். கலப்பினக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகையில் குற்றவாளி அமெரிக்கப் படையினன். யப்பான் பாதிக்கப்பட்ட நாடு. கொரியரைப் பற்றிப் பேசின் யப்பானே கூண்டில் நிற்க நேரிடும். அக்கூண்டில் அதனை நிறுத்திய ஓஷிமா நகிசாவின் ‘தூக்குத் தண்டனை’ (1968) வெகுசனச் சந்தைக்கு வெளியே தயாரிக்கப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

‘தேள்’ வரிசையின் இரண்டாம் படம் (1972) இவ்வெல்லையைச் சற்றுக் கடக்கிறது. அதில் உல்லாசப் பயணம் செல்லும் நடுத்தர வயது ஆடவர், போர்க்காலத்திற் சீனப் பெண்களைத் தாம் கெடுத்த கதையைப் பேருந்திலிருந்து சிரித்துப் பேசுகின்றனர். பின்னர் தப்பியோடிய பெண் கைதியொருத்தியையும் அவர்களே சீரழித்துக் கொல்கின்றனர். மரியாதைக்குரிய குடும்பஸ்தனும் நேற்றைய ஏகாதிபத்தியப் படையினனும் ஒருவனே என்பதை அக்காட்சி மறைக்கவில்லை. அவளது தோழியர் பழிவாங்குகின்றனர். சீனப் பெண்களோ அந்த ஆடவரின் சிரிப்பில் மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்களுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை.