பொட்டிபுரத்துப் பஞ்சாயத்து டிவியும் அந்தக் கண்ணும்



சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் போன வாரம் போனில் பேசினான். அவர்கள் சேனலுக்குச் சின்னம், நிறம், திரையில் ஓடும் எழுத்து, ஆரம்ப இசை எல்லாவற்றையும் மாற்றப் போகிறார்களாம். "டீச்சர், டிவின்னா உங்களுக்கு எந்தச் சின்னம் முதல்ல ஞாபகம் வருது?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. தூர்தர்ஷன் கண் என்றேன். "எல்லாப் பெரியவங்களும் அதைத்தான் சொல்றாங்க, ஏன் டீச்சர்?" என்றான். போனில் சொன்னது பாதிதான். மீதியை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15-ல் தொலைக்காட்சி தொடங்கியபோது அது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு. தனிப் பெயரும் முகமும் அப்போது தேவைப்படவில்லை. நம் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. 1976 ஏப்ரல் 1-ல் வானொலியிலிருந்து பிரித்து தூர்தர்ஷனைத் தனித் துறை ஆக்கினார்கள். தனிக்குடித்தனம் போகிறவர்களுக்கு வாசலில் ஒரு அடையாளம் வேண்டுமே! அந்த வேலை அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குப் போனது.

அந்த நிறுவனம் பிறந்த கதையே சுவையானது. அமெரிக்காவிலிருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதியரை நம் அரசாங்கம் அழைத்தது. அவர்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பொருள் என்ன தெரியுமா? நாம் தண்ணீர் மோந்து குடிக்கும் செம்பு. யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்ததில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைபட்டுக் கைபட்டு அந்த வடிவத்துக்கு வந்தது என்று வியந்தார்கள். அந்த அறிக்கையின் பயனாக 1961-ல் அந்தக் கல்வி நிறுவனம் வந்தது.

தூர்தர்ஷனுக்குச் சின்னம் வரையும் வேலையை அங்கே மாணவர்கள் 8 பேர், ஆசிரியர்கள் 6 பேர் செய்தார்கள். 14 படங்கள். அவற்றில் பிரதமர் இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தது தேவாஷிஸ் பட்டாச்சார்யா என்ற மாணவர் வரைந்ததை. ஆசிரியர் வரைந்ததையும் மாணவர் வரைந்ததையும் ஒரே மேசையில் வைத்து, மாணவருடையது ஜெயித்திருக்கிறது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த எனக்கு, இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். எத்தனை பள்ளிகளில் அப்படி ஒரே மேசையில் வைப்பார்கள், சொல்லுங்கள்.

அவர் வரைந்தது அதிகம் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு உருண்டை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அதை அணைத்தாற்போல இரண்டு வளைவுகள். சீனத்து யின்-யாங் வட்டத்தை நினைத்து வரைந்தது என்பார்கள். எனக்கு அது புள்ளி வைத்து வளைத்துப் போடும் கோலத்தின் ஒரு மூலை மாதிரிதான் தெரிந்தது. அதைத் திரையில் அசைய வைத்த கதை இன்னும் அழகு. கம்ப்யூட்டர் கிடையாது. அந்த நிறுவனத்திலேயே இருந்த ஆர்.எல்.மிஸ்திரி என்பவர், வரைந்த படத்தைப் பிரதிகள் எடுத்து, கேமராவுக்கு அடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிச் சுழற்றிப் படம் பிடித்தார். இருட்டில் வளைவுகள் சுழன்று நெருங்கி வந்து கடைசியில் கண்ணாகி நிற்கும். அதற்கு இசை பண்டிட் ரவிசங்கர், ஷெனாய்க் கலைஞர் அலி அகமது உசேன் கானுடன் சேர்ந்து அமைத்தது. கல்யாண வீட்டு நாகஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஷெனாய் ஏனோ இழவு வீட்டு இசை மாதிரி இருந்தது என்று என் மாமியார் சொல்வார். கொஞ்சம் உண்மையும் உண்டு.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். நான் பயிற்சி முடித்து பொட்டிபுரம் பக்கம் வேலைக்கு வந்த காலத்தில் ஊரில் டிவி உள்ள வீடுகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் பஞ்சாயத்து டிவிதான். இரும்புக் கதவு போட்ட பெட்டிக்குள் அது இருக்கும். சாவி ஒருத்தரிடம் இருக்கும், அவர் வந்தால்தான் திறப்பு. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போன பெண்கள், பொழுது சாய இறங்கி வந்து உலையை வைத்துவிட்டு, தலையில் கட்டிய துண்டோடு அப்படியே வந்து மண்ணில் உட்காருவார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. வீட்டில் பேசுவது தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பலவிதம், தோட்டத்தில் மலையாளம்.

படமும் நல்ல படம் இல்லை. ஆன்டனாவை வடகிழக்கே கொடைக்கானல் கோபுரம் பார்க்கத் திருப்பி வைத்திருப்பார்கள். நடுவில் மலை. காற்று அடித்தால் ஒருத்தன் மேலே ஏறித் திருப்ப வேண்டும். "வருதா? வருதா?" "இல்லண்ணே, இன்னும் கொஞ்சம்!" திரை முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். செய்தி வாசிப்பவர் முகம் தெரியாது, எழுத்து தெரியவே தெரியாது. ஆனால் கண் தெரியும். எத்தனை எறும்பு மொய்த்தாலும், கறுப்பு வெள்ளையிலும், அரைகுறை வெளிச்சத்திலும், ஒரு உருண்டையும் இரண்டு வளைவும் பிழைத்துக்கொள்ளும். திரையே தெரியாமல் வீட்டுக்குள் ரசம் தாளித்துக்கொண்டிருப்பவருக்கும் அந்த இசை கேட்டுவிடும்: "ஆரம்பிச்சிட்டான்!"

நான் என் மாணவனிடம் சொன்னது இதைத்தான். எழுத்துத் தெரியாத ஒருவர், மோசமான படத்தில், தூரத்திலிருந்து பார்த்தாலும் அறிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குக் கீழே சில சமயம் இந்தியில் எழுத்தும் வரும். அதை எங்கள் ஊரில் யாரும் படித்ததில்லை, படிக்க அவசியமும் வரவில்லை. இந்தி என்றாலே சூடாகிற நம் மாநிலத்தில், அந்தச் சின்னமே ஒரு இந்தி எழுத்தாக இருந்திருந்தால் இத்தனை பேர் இத்தனை பிரியமாக நினைவு வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். அது கண்ணாக இருந்ததால் எல்லா மொழிக்காரர்களுக்கும் சொந்தமாயிற்று.

எழுத்து என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்துத் திரையில் எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்த வாசகம் ஒன்று உண்டு: "தடங்கலுக்கு வருந்துகிறோம்". இரண்டாம் வகுப்பில் "பழம்" என்ற சொல்லையே எழுத்துக்கூட்டித் திணறும் பையன், கரும்பலகையில் இதை எழுதினால் பட்டென்று சொல்லிவிடுவான்! அவன் எழுத்து எழுத்தாகப் படிக்கவில்லை, மொத்தமாக ஒரு படம் போலப் பார்த்துச் சொல்கிறான் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் விளங்கியது. பிறகு அந்த வாசகத்தையே துண்டு துண்டாக வெட்டி, த, ட, ங், க என்று சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே வேலை செய்தது. இதைப் படிக்கிற உங்களில் நாலைந்து பேர் அப்படி எழுத்துக் கற்றவர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

எல்லாம் புகழ்ச்சியாகவே சொல்லிக்கொண்டு போகக்கூடாது. அந்தக் கண் திறந்த 1976 ஏப்ரல் எந்தக் காலம்? நெருக்கடி நிலைக் காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த நாட்கள். வீட்டுக்குள் வந்து பார்க்கிற அரசாங்கக் கண் அது என்று சொன்னவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அரசு காட்ட நினைத்ததைத்தான் அது காட்டியது. ஆனாலும் 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்த ஊர், டிவிப் பெட்டி முன்னால் வந்து நின்றதுதான் நினைவிருக்கிறது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் வருகிற செய்திதான் செய்தி. ஒரு சின்னத்துக்கு அவ்வளவு பலம் இருப்பது நல்லதா என்பது வேறு கேள்வி.

கண்ணைச் சின்னமாக வைத்த முதல் தொலைக்காட்சியும் நம்முடையதில்லை. அமெரிக்காவில் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு வில்லியம் கோல்டன் என்பவர் 1951-லேயே ஒரு கண் வரைந்தார். ஒரு வருஷம் ஆனதும் அவருக்கே சலித்துவிட்டது, புதிதாக வரைகிறேன் என்று போனாராம். நிறுவனத் தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் விடவில்லை. நமக்குச் சலிக்க ஆரம்பிக்கும்போதுதான் பார்க்கிறவர்கள் கவனிக்கவே ஆரம்பிக்கிறார்கள் என்பது அவர் வாதம். அந்தக் கண் இன்றும் இருக்கிறது. 1981-ல் வந்த எம்.டி.வி. நேர் எதிர் வழியில் போனது: எழுத்தின் வடிவம் அதேதான், ஆனால் உள்ளே நிறமும் கோலமும் மாறிக்கொண்டே இருக்கும். அதுவும் நின்றது. மாறாத ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மற்றதை மாற்றினார்கள்.

நம் பக்கம் காட்சி மாறியது 1993-ல். அந்த வருஷம் ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. பெயரும் சூரியன், படமும் சூரியன். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் குழப்பமில்லை. கெட்டிக்கார யோசனை. பிறகு ராஜ், விஜய், ஜெயா, மக்கள், கலைஞர் என்று வரிசையாக வந்தன. கேபிள்காரர் வந்தார், ரிமோட் வந்தது. அப்போதுதான் சின்னம் திரையின் மூலைக்குப் போய் நிரந்தரமாக உட்கார்ந்தது. ஒரே சேனல் இருந்தவரை மூலையில் முத்திரை எதற்கு? தொடங்கும்போது ஒரு நிமிஷம் சுழன்று வந்து கும்பிட்டுவிட்டுப் போனால் போதும். நூறு சேனல் ஆனபின், தாண்டிப் போகிற விரலை அரை நொடியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. வரவேற்பாக இருந்தது விலைச்சீட்டு மாதிரி ஆகிவிட்டது என்று எனக்கு ஒரு வருத்தம். என் மாணவன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வேலை அது.

2017-ல் கண்ணையே மாற்றலாம் என்று பொதுமக்களுக்குப் போட்டி வைத்தார்கள், பரிசு ஒரு லட்சம் ரூபாய். ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன. கண் போகவில்லை. 2024 ஏப்ரலில் டிடி நியூஸ் சிவப்பிலிருந்து காவி நிறத்துக்கு மாறியபோது பெரிய சர்ச்சை ஆனது. எங்கள் ஊர் அந்தக் கண்ணைப் பழகியதே கறுப்பு வெள்ளையில் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அதே 2024 ஜனவரியில் 'பொதிகை' என்ற பெயரும் போய் 'டிடி தமிழ்' ஆயிற்று. அகத்தியர் மலை, தமிழ் பிறந்த மலை என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்க வசதியான பெயர் அது. மலையடிவாரத்துக்காரி எனக்கு, ஒரு சேனலுக்கு மலையின் பெயர் இருந்தது பெருமையாகவும் இருந்தது. இனி என் பேரப்பிள்ளைகளுக்கு அந்த மலையை வேறு வழியில்தான் அறிமுகப்படுத்த வேண்டும்.

பஞ்சாயத்து டிவிப் பெட்டியின் இரும்புக் கதவு துருப்பிடித்து ரொம்ப நாள் நின்றது. டிவியை யார் எடுத்துப் போனார்கள், சாவி கடைசியாக யாரிடம் இருந்தது என்று பொட்டிபுரத்துப் பிள்ளைகள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.