டார்னல் களை: விதை வழியே வரும் நஞ்சு

கோதுமை வயலின் பழைய நச்சுக்களையான டார்னல் (லோலியம் டெமுலென்டம்) மேற்கு ஐரோப்பாவில் இன்று அரிதாகிவிட்டது. அதை அகற்றியதில் முதற்பங்கு விதையைச் சுத்தம் செய்த கருவிகளுக்கே உரியது என்பது என் வாதம். இந்தப் புல்லின் வாழ்க்கை முறையே அதற்குச் சான்று. கதிர் முற்றினாலும் மணி எளிதில் உதிராது. கோதுமையோடு அறுபட்டு, களத்துக்கு வந்து, மூட்டையில் ஏறி, அடுத்த விதைப்பில் மனிதர் கையாலேயே வயலுக்குத் திரும்புகிறது. மண்ணில் அதன் விதை நெடுங்காலம் உயிரோடு கிடப்பதில்லை. மணியின் பருமன் கோதுமைக்கு நெருக்கமாக இருப்பதால், புடைத்தும் தூற்றியும் முழுதாகப் பிரிக்க முடியவில்லை. நஞ்சும் விதை வழியேதான் பயணிக்கிறது: 1898இல் அந்த மணிக்குள் கண்டறியப்பட்ட பூஞ்சை, தாய்ச்செடியிலிருந்து விதைக்குள் புகுந்தே தலைமுறை கடக்கிறது. கலப்பு மாவை உண்டவர்களுக்குத் தலைசுற்றல், பார்வை மங்கல், தள்ளாட்டம், வாந்தி வருவது பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது. இந்தப் பூஞ்சை உண்டாக்கும் லோலின்கள் பூச்சிகளுக்குக் கடுமையானவை; பாலூட்டிகளுக்கு அவற்றின் நச்சுத்தன்மை குறைவு. ஆகவே நோய்க்குறிகள் அனைத்தையும் லோலின் தலையில் ஏற்றுவது அவசரம்.

பயிர் இளசாக இருக்கும்போதே களைந்துவிடலாமே என்று கேட்கலாம். கதிர் வரும்வரை அதைக் கண்டுகொள்வதே கடினம். இலையின் அடிப்புறம் பளபளக்கும். இலை தண்டைப் பற்றும் இடத்திலுள்ள சிறு காதுமடல்களில் கோதுமைக்கு உள்ளது போன்ற மயிர் இராது. ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்ப்பவருக்கே இவை புலப்படும். கதிர் வந்தபின் ஐயமில்லை: கோதுமையின் சிறுகதிர் தன் தட்டையான பக்கத்தைத் தண்டோடு ஒட்டி நிற்கும்; டார்னலின் சிறுகதிரோ தன் விளிம்பைத் தண்டில் பதித்து நிற்கும். நுனியிலுள்ளதைத் தவிர ஒவ்வொரு சிறுகதிருக்கும் வெளிச்செதில் ஒன்றே. அது சிறுகதிரின் நீளத்தை எட்டும், சிலவற்றில் மிஞ்சும். ஆனால் அந்தப் பருவத்தில் வேர்கள் பின்னியிருப்பதால், பிடுங்கினால் பயிரும் சேர்ந்து வரும். விதைக்கென ஒதுக்கிய பாத்தியில் கலவன் எடுக்க இந்த அடையாளங்கள் போதும். வயல் முழுதையும் காக்கப் போதா.

களைக்கொல்லிதான் அதை ஒழித்தது என்பது இன்னும் வலுவான மறுப்பாகத் தோன்றும். கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. 1940களில் பரவிய 2,4-டி அகன்ற இலைக் களைகளைக் கொல்லும், புல்லைத் தொடாது. புல்லைக் கொல்லும் மருந்துகள் அதற்கும் பிறகே பரவின. டார்னலோ 19ஆம் நூற்றாண்டில், நீளம் பார்த்து மணி பிரிக்கும் குழியிட்ட உருளைகளும் சல்லடை இயந்திரங்களும் பரவியபோதே பின்வாங்கத் தொடங்கிவிட்டது. பயிர்ச் சுழற்சிக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுத்தமில்லாத விதை திரும்பத் திரும்ப வயலுக்குப் போனால் சுழற்சி தந்த பலன் ஒரே பருவத்தில் கரைந்துவிடும். மருந்தை மட்டும் நம்புவதன் விலையை டார்னலின் உறவான லோலியம் ரிஜிடம் ஆஸ்திரேலியாவில் காட்டிவிட்டது. 1980களிலிருந்து பல மருந்துகளுக்கு அது எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது. அந்த உறவுக்கு விதைச் சுத்தம் மட்டும் போதாது, ஏனெனில் அதன் விதையில் ஒரு பகுதி அறுவடைக்கு முன்பே மண்ணில் விழுகிறது.

எத்தியோப்பிய மேட்டுநிலங்களில் சிறு விவசாயிகள் சொந்த அறுவடையிலிருந்தே விதை எடுத்து வைக்கிறார்கள். அங்கே டார்னல் இன்றும் தானியத்தோடு கலந்து வருகிறது. ஊருக்குப் பொதுவாக ஒரு விதை சுத்திகரிப்பு இயந்திரமும், விதைப் பாத்தியில் கலவன் எடுக்கும் பயிற்சியும் அவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டும். மருந்துத் தெளிப்பான் அதன் பிறகு வரட்டும்.